லண்டனில் பழமையான பப் ஒன்றுக்குப் போன அனுபவம் உண்டா? குடிக்காதவர்கள் போகலாமா?

உண்டு. நான் குடிப்பதில்லை. ஆனாலும் லண்டனில் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பப்தான். ப்ளூம்ஸ்பரியில், லாம்ஸ் காண்டிட் தெருவில் இருக்கும் 'தி லாம்'.

2019 பிப்ரவரி. அக்கா மகனுக்கு அப்போது மூன்று வயது. இதயத்தில் ஓட்டை. பக்கத்தில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் காலை எட்டரைக்கு ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரமாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றரை மணி போல அக்கா, "ரெண்டு பேரும் இப்படி என் முன்னால நடந்துக்கிட்டே இருக்காதீங்க. வெளிய போயிட்டு வாங்க. ஏதாவதுன்னா போன் பண்றேன்" என்றாள்.

அத்தானும் நானும் கால் போன போக்கில் நடந்தோம். தெருமுனையைத் தாண்டினால் எதிரே மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா. கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்று பெயர். தாமஸ் கோரம் என்ற கப்பல்காரர் 1739-ல் அரச சாசனம் வாங்கி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அந்த இல்லம் இருந்த இடம்தான் அது. உட்கார பெஞ்ச் கிடைக்கும் என்று வாசலுக்குப் போனோம். குழந்தையோடு வரும் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று பலகை வைத்திருந்தார்கள். நல்ல விதிதான், குழந்தைகளின் பாதுகாப்புக்காக வைத்தது. ஆனால் அத்தான் அந்தப் பலகையை இரண்டு தரம் படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார்.

வந்த வழியில் பச்சை ஓடு பதித்த முகப்போடு ஒரு கட்டடத்தைப் பார்த்திருந்தோம். குளிர் வேறு. கதவு திறந்திருந்தது. உள்ளே போய்விட்டோம்.

எங்கள் ஊரில் மதுக்கடைக்குள் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் நுழைவார்கள். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. உள்ளே போனதும் அது போய்விட்டது. ஒரு மூலையில் வயதான பெண்மணி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், காலடியில் அவருடைய நாய். இன்னொரு மேஜையில் இரண்டு பேர் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, டிவி இல்லை. நடுவில் குதிரை லாட வடிவத்தில் மரத்தாலான கவுண்டர், அதைச் சுற்றி இருக்கைகள். சுவரில் அந்தக் காலத்து மேடைக் கலைஞர்களின் பழுப்பேறிய படங்கள்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கையோடு வாங்கி வர வேண்டும். வரிசை இருக்காது. ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும், முந்தாதீர்கள். பீர் ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி, பாதியும் கேட்கலாம். குடிக்காதவர்கள் லைம் சோடா கேட்கலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு லைம் சோடாவும் ஒரு தட்டு சிப்ஸும் வாங்கினோம். அங்கே சிப்ஸ் என்றால் சூடாகப் பொரித்துத் தரும் உருளைக்கிழங்குத் துண்டுகள். அத்தான் பீர் குடிப்பவர்தான். "இன்னைக்கு வேண்டாம் மாப்ள" என்றார்.

கவுண்டருக்கு மேலே, நம் முகம் வரும் உயரத்தில், அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியாதபடி பூவேலை பொறித்த சிறு கண்ணாடித் தடுப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் மரச்சட்டத்தில் அச்சு வைத்துப் பொருத்தியது, கதவு மாதிரி திருப்பலாம். விக்டோரியா காலத்து ஏற்பாடு இது. வசதியான வாடிக்கையாளர்கள் தங்கள் முகம் பணியாளருக்கும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் குடிக்கும் சாதாரண ஆட்களுக்கும் தெரியக் கூடாது என்று கண்ணாடியை மூடிக்கொள்வார்கள். அடியில் உள்ள இடைவெளி வழியாகக் கோப்பை மட்டும் வரும். நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அது சாதி, இது வர்க்கம்; நம்முடைய கொடுமையின் ஆழம் வேறு. இருந்தாலும் ஒரே கடையில் மனிதரை மனிதர் பார்க்காமல் இருக்கப் பொருள் செய்து வைத்தது இரண்டிலும் உண்டு. லண்டனின் பழைய பப்புகளில் இந்தக் கண்ணாடிகள் மிஞ்சியிருப்பது மிகச் சில இடங்களில்தான். அழகுக்காக மட்டுமல்ல, எதற்காகச் செய்தார்கள் என்பது மறந்துபோகாமல் இருக்கவும் இவை காப்பாற்றப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. 1577-ல் வில்லியம் லாம் என்ற துணி வணிகர் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைத் தன் பணத்தில் புதுப்பித்துக் கொடுத்தார். அதோடு ஏழைப் பெண்கள் தண்ணீர் சுமந்து பிழைத்துக்கொள்ள 120 வாளிகளும் கொடுத்தார். தெருவுக்கும் பப்புக்கும் அவர் பெயர்தான். தெருவின் வடகோடியில் குடத்தோடு ஒரு பெண்ணின் சிலை இன்றும் இருக்கிறது.

என் போனில் ஆறு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. அத்தானுடையது ஏற்கெனவே அணைந்துவிட்டது. கவுண்டரில் இருந்த இளம்பெண்ணிடம் கேட்டேன். என் சட்டையில் ஒட்டியிருந்த மருத்துவமனைப் பார்வையாளர் வில்லையைப் பார்த்தாள். ஒன்றும் விசாரிக்கவில்லை. போனை வாங்கி உள்பக்கம் சார்ஜில் போட்டுவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றாள்.

கவுண்டரை ஒட்டி உயரமான ஸ்டூல்களில் உட்கார்ந்தோம். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. சிப்ஸ் ஆறிப்போனது. திடீரென்று அத்தான் கையை நீட்டி எதிரே இருந்த கண்ணாடியை மெல்லத் திருப்பி மூடினார். அவர் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அந்தப் பெண் மறுபக்கம் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் என் போன் உள்ளே அடித்தது. நான் எழுவதற்குள் கண்ணாடி அந்தப் பக்கத்திலிருந்து திரும்பியது. அவள் முகம் தெரிந்தது. அடியில் இருந்த இடைவெளி வழியாகப் போனை நீட்டினாள், கை நடுங்கியது.

"தம்பி, வெளிய கொண்டு வந்துட்டாங்க. நல்லா இருக்கானாம். அத்தான்கிட்ட குடு."

அத்தான் போனை வாங்கிக்கொண்டு அப்படியே தெருவுக்கு ஓடினார். நான் அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்ல முயன்றேன், வார்த்தை வரவில்லை. போங்கள் என்று கையால் காட்டினாள்.

ஆகவே, குடிக்காதவர்கள் தாராளமாகப் போகலாம். மாலை வேலை முடிந்து கூட்டம் வருவதற்கு முன், மதிய நேரத்தில் போங்கள். கவுண்டரை ஒட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. போன கோடையில் அவனைக் கூட்டிக்கொண்டு கோரம்ஸ் ஃபீல்ட்ஸுக்குப் போனோம். வாசலில் அத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகையைக் கடந்து முதல் ஆளாக உள்ளே நடந்தார். திரும்பும் வழியில் லாமின் வாசலில் நின்று அன்றைக்கு வாங்காத பைன்ட்டை வாங்கினார். எனக்கு லைம் சோடா.