கோத்தகிரி ஈரமும் பழைய ஸ்பீக்கரும்

கேள்வி: 2008-இல் வாங்கிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபர் ஐந்தரை அங்குலம். கோத்தகிரியில் பலகைத் தரை போட்ட பழைய வீடு, அறை 12-க்கு 14 அடி. மூலையில் உள்ள புத்தக அலமாரிக்குள் இருக்கிறது. இப்போதெல்லாம் பேஸ் வந்தால் ‘கிர்ர்’ என்கிறது; பாடுகிறவர் குரலும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. கோவையில் ஒரு கடையில் 65,000 ரூபாய்க்குப் புது ஜோடி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் இரண்டு குறைகளும் பழுதாலும் வைத்திருக்கும் இடத்தாலும் வருபவை என்றே எனக்குப் படுகிறது.

முதலில் அந்த ‘கிர்ர்’. முன்பக்கத் துணி மூடியைக் கழற்றுங்கள். வூஃபரின் நடுவில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றி மடிப்பாக ஒரு வளையம் இருக்கும். அது ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் சந்தேகம் அதன் மேல்தான். தென்மேற்குப் பருவம் ஓய்ந்தால் வடகிழக்கு வந்துவிடுகிறது, நடுவில் பனிமூட்டம். காற்றில் எப்போதும் இருக்கும் இந்த ஈரம் ஃபோமில் உள்ள பாலியூரித்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். குன்னூரில் என் பழைய ஜோடியைத் திறந்தபோது, விரல் பட்ட இடத்தில் வளையம் ஊட்டி வர்க்கி போல உதிர்ந்தது. நுனியில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. வெளியிலிருந்து பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

அப்புறம், கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால், கோனை அசைக்கும் கம்பிச்சுருள், அதாவது ‘காயில்’, உள்ளே நன்றாக இருக்கிறது. ஃபோம் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், சில ஆயிரம் ரூபாயில் முடியும். மணல் உரசுவதுபோல் கேட்டால் காயில் இடிக்கிறது. சில நேரம் வளையம் தளர்ந்து கோன் நகர்ந்ததாலும் இடிக்கும், அதனால் வேலை தெரிந்தவர் பார்க்கட்டும்.

இனி குரல். ‘புக்‌ஷெல்ஃப்’ என்ற பெயரை நம்பி அலமாரிக்குள் தள்ளிவிடுகிறோம். மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் பேஸைத் தூக்கிவிடும், குரல் அதற்கடியில் அமுங்கிவிடும். போதாததற்கு, 12 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி தேங்கி வீங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கீழே இறங்கும்போது ஒரு சுரம் மட்டும் பூதாகரமாகக் கேட்டால் காரணம் இதுதான். 65,000 ரூபாய் ஜோடியை அதே மூலையில் வைத்தாலும் அதே கதைதான்.

ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து எடுத்து, பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, கனமான ஸ்டாண்டில் வையுங்கள். உட்கார்ந்தால், உச்ச ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். பலகைத் தரை கூடவே அதிரும், அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். இந்த நிலையில் ஒரு வாரம் கேளுங்கள். இடம் மாற்றியும் குரல் மந்தமாகவே இருந்தால், உள்ளே ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கலாம். அதை மாற்றுவதும் பெரிய செலவில்லை.

எல்லாம் சரியான பிறகும் அடிபேஸ் போதவில்லை என்றால், இதே அளவுள்ள இன்னொரு ஜோடி வாங்கிப் பெரிய பலன் இருக்காது. ஐந்தரை அங்குல வூஃபர் எதுவானாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். அடிபேஸுக்கென்றே உள்ள சிறிய சப்வூஃபர் ஒன்றைச் சேர்ப்பது மேல்.

புது ஜோடி வாங்கியே ஆக வேண்டிய நிலையும் உண்டு: பெட்டியின் அடிவிளிம்பு ஈரத்தில் ஊதி மேல்தாள் கிளம்பியிருந்தால், அல்லது காயில் போய் மாற்று வூஃபர் கிடைக்காவிட்டால். அப்போது ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இரண்டு நாள் உங்கள் வீட்டிலேயே, உங்கள் ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் கேட்க விடாத கடையில் பணம் கட்டாதீர்கள்.