வெங்காயம் வதங்கும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர், இருபது வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் சாயங்காலம் போனில் பேசிக்கொள்கிறோம். முன்பெல்லாம் படித்த கதை, பார்த்த படம், ஊர் உலகத்து அரசியல், அதில் ஒரு சண்டை என்று எல்லாம் ஓடும். இப்போது "இன்னைக்கு என்ன சமையல்?" என்று ஆரம்பித்தால் அதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. பருப்பு ஏன் வேகவில்லை, குழம்பில் உப்பு கூடினால் என்ன செய்வது, இவ்வளவுதான். போன வாரம் என் மகன், "அரை மணி நேரம் வெங்காயத்தைப் பத்தியே பேசுனீங்கம்மா" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் சுருங்கிப்போய்விட்டோமா அக்கா?

இன்னொரு விஷயம். எங்களில் ஒருத்தி இரண்டு மாதமாகச் சமையல் பேச்சு வந்தாலே அமைதியாகிவிடுகிறாள். கேட்டால் "நான் எதுவும் சமைக்கலப்பா, வெளியிலதான் வாங்குறோம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறாள். அவளுக்காகவாவது இந்தப் பேச்சை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பெயர் வேண்டாம். பதில் பொதுவில் வந்தால் சந்தோஷம்.

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெங்காயத்துக்கு அது சரியான கணக்கு. சமையல் குறிப்புகளில் "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும், ஐந்து நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி எத்தனை பேர் தங்கள் கை சரியில்லை என்று நினைத்திருப்பார்களோ. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த ஈரம் போகிறவரைக்கும் அடியில் எவ்வளவு தீ வைத்தாலும் வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நன்றாகச் சிவந்து வருவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேரும்போது இப்படிப் பழுப்பாவதை லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் எழுதினார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, நம் சட்டியில் இருக்கும் வெங்காயம், எல்லாம் சிவப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

ஆனால் எனக்கு இதை முதலில் கற்றுக்கொடுத்தது மயார் இல்லை. என் சிநேகிதி ஒருத்தி. நான் ஒரு நாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தேன், "மசாலா போட்டுடவா?" என்று கேட்டேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து, "இருடி, இன்னும் தண்ணி வத்தல, எனக்குச் சத்தம் கேக்குது" என்றாள். ஈரம் இருக்கும்போது வெங்காயம் சளசளவென்று கொதிக்கிற மாதிரி சத்தம் போடும், ஈரம் போன பிறகு அந்தச் சத்தம் மெலிந்து, எண்ணெயில் பொரிகிற சத்தமாக மாறும். நான் அதுவரை கண்ணால் மட்டும்தான் சமைத்துக்கொண்டிருந்தேன், காதை வைத்தும் சமைக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எந்தப் புத்தகம் இதைச் சொல்லும்? இன்னொருத்தி நம் அடுப்பங்கரையைக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் இது கிடைக்கும்.

சுருங்கிவிட்டோமா என்று கேட்கிறீர்கள். இல்லை. கதையைப் பற்றிப் பேசினால் உயர்ந்த பேச்சு, அரசியல் பேசினால் அதற்கு அடுத்தது, சமையல் என்றால் எல்லாவற்றுக்கும் கீழே என்று நம் எல்லோர் மனதிலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. நான் எழுதிப் பிழைக்கிறவள், கதையைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், அந்தப் படிக்கட்டு தப்பு. ஒரு நாவலைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு எதிரில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாமலேயே எழுந்து போய்விடலாம், எனக்கு நடந்திருக்கிறது. "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் அப்படித் தப்பிக்க முடிவதில்லை. அன்றைய நாள் முழுக்க அந்தப் பதிலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எத்தனை மணிக்கு எழுந்தாள், யார் வீட்டில் இருந்தார்கள், கையில் எவ்வளவு பணம், உடம்பு எப்படி, யாரோடு மனத்தாங்கல், எல்லாம்.

நீங்கள் எழுதியிருக்கிற வேகாத பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியோடு ஒரு தோழி என்னைக் கூப்பிட்டாள். ஒரு மணி நேரமாகக் கொதிக்கிறது, பயறு கல்லு மாதிரி இருக்கிறது என்றாள். பயறு பழையதா என்று கேட்டேன், ரொம்ப நாள் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த பயறு சீக்கிரம் வேகாது. புதுசுதான் என்றாள். தண்ணீர் மாறியதா என்று கேட்டேன், உப்புத் தண்ணீர் என்று சொல்கிறோமே அந்தக் கடினநீரில் இருக்கும் கால்சியம் பயறின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். தண்ணீரும் மாறவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், தக்காளியையும் எலுமிச்சைச் சாறையும் முதலிலேயே போட்டுவிட்டேன் என்று. சரி, காரணம் கிடைத்துவிட்டது, புளிப்பு முன்னாலேயே விழுந்தால் அந்தப் பெக்டின் லேசில் கரையாது, வெந்த பிறகுதான் புளிப்பைச் சேர்க்க வேண்டும். அதோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் இருபது வருடமாகச் சமைக்கிறவளுக்கு இது தெரியாதா? "ஏன் எல்லாத்தையும் ஒண்ணா போட்டே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அவள் அப்பா நான்கு நாளாக மருத்துவமனையில். இவள் ராத்திரி முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்து, பாத்திரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டிருந்தால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பாள், இரண்டு நாள் முன்னால் கேட்டபோது அப்படித்தான் சொன்னாள். பயறு வேகவில்லை என்பதை மட்டும் அவளால் சொல்ல முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் நீளம். 2020-இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இதே மாதிரி ஒரு சாயங்காலப் பேச்சில், வெங்காயம் வதக்கச் சொன்ன அந்தச் சிநேகிதி, "அடி பிடிச்சுப் புகையே வந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல, பையன் ஓடி வந்து சொன்னான்" என்றாள். நான் சிரிக்கவில்லை. சட்டி இருக்கும் அறைக்குள் நுழையும்போதே மசாலாவின் பச்சை வாசனை இன்னும் போகவில்லை என்று சொல்கிறவள் அவள். ஒரு பூண்டை நசுக்கி முகர்ந்து பார் என்றேன். ஒன்றும் இல்லை என்றாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வாசனை போவது கொரோனாவின் அறிகுறி என்று அப்போதுதான் செய்திகளில் வர ஆரம்பித்திருந்தது. பரிசோதனை செய்தார்கள், கொரோனாதான்.

அது ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். வாசனை திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. வெங்காயம், பூண்டு, காப்பி மூன்றும் அவளுக்கு அழுகலும் கருகலுமாக நாறின. மூக்கின் நரம்புகள் புதிதாக முளைக்கும்போது இப்படி நடக்கிறது என்று கருதுகிறார்கள், நிறைய பேருக்கு இதே மூன்று பொருள்களில்தான் தொல்லை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற மணம்தான், நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு ஜப்பானிய வேதியியலாளர் இக்கேதா 1908-இல் உமாமி என்று பெயர் வைத்த, இறைச்சிச் சாறு போன்ற சுவை, இவைதான். அதனால் அவளுக்குச் சோறே எதிரியாகிவிட்டது. எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் எங்கள் பேச்சு சமையல்தான், வேறு எதுவும் இல்லை. வெங்காயமே இல்லாமல் என்ன செய்யலாம், ஆறின பிறகு சாப்பிட்டால் நாற்றம் குறைகிறதா (குறைந்தது, சூடான உணவில்தானே ஆவி மூக்குக்கு ஏறும்), தயிர் பரவாயில்லையா, முட்டை முடிகிறதா.

மருத்துவர் அவளுக்கு ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட முறை அது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ், இந்த நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும், 12 வாரம். எல்லோருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. காலையில் தனியாகச் செய்வாள், சாயங்காலம் நாங்கள் சேர்ந்து செய்தோம். அவள் அங்கே ஒரு கிராம்பை எடுப்பாள், நான் இங்கே ஒரு கிராம்பை எடுப்பேன். எனக்கு என்ன மணக்கிறது என்று சொல்வேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முதல் வாரங்களில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் பதில். ஒரு நாள், "கிராம்பு கொஞ்சம் கிராம்பு மாதிரி இருக்கு" என்றாள். இத்தனை வருடத்தில் நான் போனில் கேட்ட எத்தனையோ நல்ல செய்திகளில் அதை நான் முதலில் வைப்பேன்.

இதைச் சின்னப் பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கதையும் படமும் போய்விட்டதே என்ற உங்கள் வருத்தம் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் அவற்றைத் துரத்தியது வெங்காயம் இல்லை. படிக்க நேரம் கிடைக்கவில்லை, அல்லது படித்ததைச் சொல்லத் தயக்கம் வந்துவிட்டது, எதுவோ. அதைத் தனியாகப் பாருங்கள். மாதம் ஒரு சிறுகதையை மூன்று பேரும் படித்துவிட்டு வந்தாலே அந்தப் பேச்சு திரும்பிவிடும், சமையலோடு சேர்ந்தே.

குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போடச் சொல்வார்கள். கிழங்கு குழம்பில் இருக்கும் உப்பை மட்டும் தேர்ந்தெடுத்து உறிஞ்சாது, உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கொஞ்சம் குழம்பை எடுத்துவிட்டுத் தண்ணீரோ வெந்த பருப்போ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி.

இப்போது உங்கள் மூன்றாவது தோழி. கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது அவர்தான். அவருக்கு என்ன நடக்கிறது என்று நான் இங்கிருந்து ஊகிக்க மாட்டேன், நீங்களும் ஊகிக்க வேண்டாம். வெளியில் வாங்கிச் சாப்பிடுவது ஒரு குறையும் இல்லை. ஆனால் சமைக்காத வாரங்களில் "என்ன சமையல்?" என்ற கேள்வி பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி காதில் விழும், மற்ற இருவரும் கைதூக்கிவிட்டார்கள், தான் மட்டும் பதில் இல்லாமல் நிற்கிறோம் என்று தோன்றும். நாங்களும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். இன்று எத்தனை வகை செய்தாய் என்று எண்ணிக்கை பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அன்றே கெட்டுவிடும், அதில் நான் கறாராக இருக்கிறேன்.

அதற்காகப் பேச்சை நிறுத்தாதீர்கள். திடீரென்று நீங்கள் இருவரும் சினிமா பேச ஆரம்பித்தால் தனக்காகத்தான் மாற்றினார்கள் என்று அவருக்குத் தெரியும், இன்னும் தள்ளிப் போவார். கேள்வியை மட்டும் மாற்றுங்கள். "என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும், நன்றாக இருந்ததா, உறைப்பா, ஆறிப்போய் வந்ததா, யார் கூட உட்கார்ந்து சாப்பிட்டார், எல்லாம் பேசலாம். தயவுசெய்து "பத்தே நிமிஷத்துல ஆகுற ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு வழி தெரியாமல் இல்லை.

மூன்று பேர் இருக்கும் நேரத்தில் கேட்காமல், தனியாகக் கூப்பிடுங்கள். அடுப்பைச் சின்னதாக வைத்து, வெங்காயத்தைப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். கை வேலையாக இருந்தால் வாய்க்கு அவசரம் இருக்காது, நடுவில் இரண்டு நிமிடம் யாரும் பேசாவிட்டாலும் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கும் கேட்கும். அரை மணி நேரம் இருக்கிறது உங்களுக்கு.

அன்புடன்,
அக்கா