தூரம் மாறாது, நேரம் மாறும்: விமானப் பயணக் கேள்வி-பதில்

கேள்வி: தூரம் மட்டும் தெரிந்தால் பறக்கும் நேரத்தைத் தோராயமாகச் சொல்ல முடியுமா?

முடியும். கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். மேலேறவும் இறங்கவும் ஆகும் மெதுவான நேரத்துக்குத்தான் அந்த அரை மணி. ஜெட் விமானங்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். புரொப்பெல்லர் விமானத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லண்டன் போகிற விமானம் ஏன் கிரீன்லாந்துப் பக்கம் சுற்றிப் போகிறது?

சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. உருண்டையைத் தாளில் விரித்ததால் வரைபடம் நம்மை ஏமாற்றுகிறது. பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம்தான். பூமி சுழல்வதாலா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. அதனால் விமானத்துக்கு அதில் நேரடி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று. குளிர்காலத்தில் இதன் பலம் கூடும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில், நியூயார்க்கில் கிளம்பிய விமானம் ஒன்று 5 மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது. அதே காற்றை எதிர்த்து வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

'போகும்போது இழப்பது வரும்போது கிடைத்துவிடுமே' என்றும் சிலர் கேட்பார்கள். கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தூரம் 5,250 கி.மீ., வேகம் 900, காற்று 150. காற்று முதுகில் தள்ளினால் 5 மணி நேரம், எதிர்த்தால் 7 மணி நேரம். மொத்தம் 12. காற்றே இல்லாவிட்டால் 11 மணி 40 நிமிடம்தான் ஆகியிருக்கும். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் வருகிற 20 நிமிடம் அது.

கேள்வி: டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருந்தது. வானத்தில் இருந்தது 50 நிமிடம்கூட இல்லையே?

டிக்கெட்டில் இருப்பது, கிளம்பும் கேட்டிலிருந்து நகர்ந்து, சேரும் கேட்டில் நிற்கும்வரை ஆகும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறி, லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். பறப்பது சுமார் 10 மணி நேரம். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் 17 மணி. நடுவில் தேதிக்கோட்டையும் தாண்டுகிறீர்கள். ஹோட்டல் முன்பதிவில் தேதியை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹெல்சின்கி-டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம்தானே? இப்போது 13 என்கிறார்களே?

ஊர்கள் நகரவில்லை, வான்வழி மூடிவிட்டது. 2022 முதல் ஃபின்லாந்து விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடிவதில்லை. வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோதான் போக வேண்டும். இப்படிப்பட்ட தடங்களில் முதலில் சொன்ன 850 கணக்கைப் போடாதீர்கள், விமான நிறுவனத்தின் அட்டவணையையே பாருங்கள்.