பழைய அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் கட்டாயம் வேண்டுமா?

ஆங்கிலேயர் காலத்து லேத் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதன் லீட் ஸ்குரூவில் (வெட்டும் டூலை நகர்த்தும் நீண்ட திருகுத் தண்டில்) அங்குலத்துக்கு 8 மரை, 127 பல் கியர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை, இந்த நிலையில் 1.5 மி.மீ. மரையை ஒழுங்காக வெட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 63 பல் கொண்ட கியர் ஒன்று போதும். ஆனால் கியரைத் தேடி அலைவதற்கு முன்னால் உங்கள் இயந்திரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கணக்கில் வரும் பிழையைவிடத் தேய்மானத்தில் வரும் பிழைதான் பல மடங்கு பெரியது என்பதை என் லேத்தைப் பழுது பார்த்தபோது அளந்தே தெரிந்துகொண்டேன்.

என்னுடையது மைஃபோர்ட் எம்எல்7 என்ற சிறிய ஆங்கிலேய லேத். ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிற்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்து, பிறகு பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை வாங்கிக் கோலாலம்பூர்ச் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிறுத்தினேன். மலேசியாவில் இத்தகைய இயந்திரங்கள் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் அங்குலக் கணக்கில்தான் ஓடின. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக்குக்கு மாறியது. இன்று கடையில் போல்ட் கேட்டால் எம்8, எம்10 (8, 10 மி.மீ. விட்டம்) என்றுதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆகவே உங்கள் சிக்கல் இங்கே பழைய லேத் வைத்திருக்கும் எல்லாருடைய சிக்கலும்தான்.

127 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். 1959 முதல் ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மி.மீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண் என்பதால் அதைச் சிறிய கியர்களாகப் பிரிக்க வழியில்லை. 8 மரை லீட் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 3.175 மி.மீ. நகர்த்தும். நமக்கு ஸ்பிண்டிலின், அதாவது வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டின், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 60/127, அதாவது 0.47244 கிடைக்கும். 63 பல் கியரை வைத்து, 63/80 × 30/50 என்று இரண்டு அடுக்கில் 0.4725 வரை வந்துவிடலாம். மரையின் இடைவெளி 1.5 மி.மீ.க்குப் பதில் 1.5002 மி.மீ. ஆகும். எம்10 நட்டின் 8 மி.மீ. உயரத்தில் இந்த வித்தியாசம் ஒரு மைக்ரான்தான்.

என் பெட்டியில் 80 பல் கியர் இல்லாததால் மூன்று அடுக்காகப் போட்டேன். 63 பல் கியர் 40ஐ ஓட்டும், 40உடன் ஒரே தண்டில் இருக்கும் 30 பல் கியர் 50ஐ ஓட்டும், 50உடன் இருக்கும் 35 பல் கியர் லீட் ஸ்குரூவிலுள்ள 70ஐ ஓட்டும். இதில் 40உம் 35உம் ஒரே தளத்தில் அக்கம்பக்கமாக நிற்கின்றன, அவற்றின் பல் நுனிகளுக்கு இடையே 0.6 மி.மீ. அளவுக்கே இடைவெளி உண்டு. முதல் முறை மாட்டும்போது மோட்டாரைப் போடாமல், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கைக் கையால் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 63 பல் கியரைச் சிகாம்புட்டில் ஒரு சிறிய பட்டறையில் வெட்டினோம். பட்டறைக்கார அண்ணன் முதலில் வட்டத்தைச் சமபங்காகப் பிரிக்கும் 40க்கு 1 டிவைடிங் ஹெட்டை (கைப்பிடி 40 சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று) எடுத்தார். அதில் 63ஐப் பிரிக்க அவரிடமிருந்த துளைத் தட்டு எதுவும் பொருந்தவில்லை. 90க்கு 1 ரோட்டரி டேபிளில் ஏற்றியதும் வேலை எளிதாயிற்று. ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும், 21 துளை வட்டத்தில் 9 துளையும் நகர்த்தினால் 63 பல்லும் மிச்சமில்லாமல் வந்து முடியும். மைஃபோர்ட் கியர்கள் 20 டிபி (பிட்ச் விட்டத்தில் அங்குலத்துக்கு 20 பல்), பல்லின் அழுத்தக் கோணம் 14.5 பாகை. வட்டின் வெளி விட்டம் 82.55 மி.மீ., பல்லின் ஆழம் 2.74 மி.மீ. இதே பல் அளவில் 127 பல் கியர் செய்தால் விட்டம் 164 மி.மீ. ஆகிவிடும், என் இயந்திரத்தின் மூடிக்குள் அது நுழையாது. விலை குறைவு என்று மாட்யூல் (மெட்ரிக் பல் அளவு) 1.25 கியரை வாங்கிவிடாதீர்கள். 20 டிபி என்பது மாட்யூல் 1.27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் சேர்த்து ஓட்டினால் இரைச்சலிட்டுப் பல்லைத் தின்றுவிடும்.

இனித் தேய்மானம். ஹாஃப் நட்டை (லீட் ஸ்குரூவைப் பற்றிக்கொள்ளும் இரு பாதி நட்டை) மூடி, லீட் ஸ்குரூவைச் சரியாக எட்டுச் சுற்றுச் சுற்றி, டூலைத் தாங்கி நகரும் சேடில் ஓர் அங்குலம் நகர்ந்ததா என்று கேஜ் பிளாக்கும் (துல்லிய அளவுக் கட்டையும்) டயல் கேஜும் வைத்துப் பாருங்கள். நட்டின் தளர்ச்சி அளவில் கலக்காமல் இருக்க எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். என் லேத்தில் வலது கோடியில் அளவு சரியாக இருந்தது, சக்குக்கு அருகே 0.04 மி.மீ. பிசகியது. அதே ஓர் அங்குலத்தில் 63 பல் கியர் தரும் பிழை 0.003 மி.மீ.தான். எழுபது ஆண்டு வேலையும் சக்குக்குப் பக்கத்தில்தானே நடந்திருக்கிறது! இந்த அளவை எடுத்த பிறகு 127ஐத் தேடுவதை நான் விட்டுவிட்டேன்.

ஸ்பிண்டில் பேரிங்கையும் கட்டாயம் பாருங்கள். எம்எல்7இல் அது வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலப்புலோகம். சக்குக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து மெதுவாக நெம்பி, மேலே டயல் கேஜ் வைத்தால் ஆட்டம் தெரியும். எனக்கு 0.1 மி.மீ. காட்டியது. பேரிங் மூடிக்கு அடியிலுள்ள அடுக்கு ஷிம்மில் (மெல்லிய உலோகத் தாள்களின் அடுக்கில்) ஒவ்வொரு தாளாக உரித்தெடுத்து 0.03 வரை குறைத்தேன். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடேறும், வெள்ளை உலோகம் அந்தச் சூட்டைத் தாங்காது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருந்தால் போதும். ஐஎஸ்ஓ 32 தரத்து மெல்லிய எண்ணெயை விடுங்கள், கிரீஸ் இடவே கூடாது. சேடில் நகரும் அடித்தளமான பெட்டின் மேல் படிந்த துருவுக்கு மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும், உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் துருவோடு சேர்த்து அளவும் போய்விடும்.

மரை வெட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். அங்குல மரைக்குச் செய்வதுபோல ஹாஃப் நட்டைத் திறந்து சேடிலைப் பின்னுக்குத் தள்ளி, மூடும் தருணத்தைக் காட்டும் மரை டயலைப் பார்த்து மறுபடி மூட முடியாது. மேலே சொன்ன கியர் அடுக்கில் ஸ்பிண்டில் 400 சுற்றும் லீட் ஸ்குரூ 189 சுற்றும் முடித்த பிறகுதான் இரண்டும் பழைய இடத்தில் சேரும். "திறந்தா மரை போச்சு தம்பி" என்று அந்த அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். பழக்கதோஷத்தில் நான் திறந்துவிட்டேன், முக்கால்வாசி முடிந்திருந்த எம்12 மரையின் மேல் இரண்டாவது மரை ஏறிவிட்டது. ஆகவே வேலை முடியும்வரை நட்டு மூடியே இருக்கட்டும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித் தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். சிங்கிள் பேஸ் மோட்டாராக இருந்தால் முழுவதும் நின்ற பிறகே திசையை மாற்றுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பழைய திசையிலேயே தொடர்ந்து ஓடக்கூடும்.

எம்எல்7இன் சக் மரையில் திருகி மாட்டுவது என்பதால் பின்னோக்கி ஓடும்போது கழன்றுவிடும் அபாயமும் இருக்கிறது. நான் இப்போது 30 மி.மீ. நீளத்துக்குக் குறைவான மரைகளுக்கு மோட்டாரைத் தொடுவதே இல்லை. ஸ்பிண்டிலின் பின்துளையில் விரிந்து பிடிக்கும்படி ஒரு கைப்பிடி செய்து மாட்டி, கையாலேயே சுற்றுகிறேன். மரை எங்கே முடிய வேண்டுமோ அங்கே சரியாக நிறுத்த முடிகிறது, திரும்பி வரும்போது சக்கும் கழல்வதில்லை.