குளிர் என்றால் முற்பணம் திரும்பி வருமா?

கேள்வி: நானும் மச்சானும் நவம்பர் நடுப்பகுதியில் நியூ யோர்க் மாநிலத்தில் உள்ள புலாஸ்கிக்கு ஸ்டீல்ஹெட் என்ற ட்ரவுட் மீன் பிடிக்கப் போவதாக இருந்தோம். வழிகாட்டி ஒருவரைப் படகோடு ஒரு முழு நாளுக்குப் பேசி, 200 அமெரிக்க டொலர் முற்பணமும் கட்டியாயிற்று. இப்போது அந்த வாரம் காலையில் மைனஸ் 11 என்கிறார்கள். நவம்பரிலேயே இப்படி ஒரு குளிரா? காசைத் திருப்பிக் கேட்டேன். "நான் படகோடு நிற்பேன். நீங்கள் வராவிட்டால் முற்பணம் போனதுதான். வேண்டுமானால் தேதியை மாற்றித் தருகிறேன்" என்கிறார். இது நியாயமா?
– கனடா, ஸ்காபரோ வாசகர்

பதில்: நியாயம்தான். நீங்கள் வாங்கியது அவருடைய ஒரு நாளை. உங்களுக்காக அந்த நாளை அவர் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். கடனட்டை நிறுவனத்திடம் முறையிட்டாலும், "சேவை தரத் தயாராக இருந்தேன், இவர்தான் வரவில்லை" என்று அவர் ஒரு வரி எழுதினால் உங்கள் கதை முடிந்தது. புலாஸ்கி ஊடாக ஓடும் சமன் (Salmon) ஆற்றுப் பக்கத்து வழிகாட்டிகள் டிசம்பர், ஜனவரியிலும் படகு விடுகிறவர்கள். படகுக்குள் சின்னதாக ஒரு எரிவாயு அடுப்பு மூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் குளிரைக் காரணமாகச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் பனி வேறு விஷயம். நீங்கள் கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான். நவம்பரில் ஒன்ராறியோ ஏரி இன்னும் கோடைச் சூட்டில் கொஞ்சத்தை வைத்திருக்கும். அதன் மேல் திடீரென்று கடுங்குளிர்க் காற்று வீசினால் ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்க் கிழக்குக் கரையில் பனியாகக் கொட்டும். புலாஸ்கி இருப்பது சரியாக அந்தக் கிழக்குக் கரையில். குளிர் முந்தி வந்தால் அங்கே பனி கூடும் ஆபத்தும் முந்தி வருகிறது. 2022 நவம்பர் நடுவில் ஈரி, ஒன்ராறியோ ஏரிகளின் கிழக்குப் பக்கத்துச் சில ஊர்களில் சில நாட்களுக்குள் ஆறடிக்கு மேலும் கொட்டியது. ஆயிரம் தீவுப் பாலம் தாண்டி நீங்கள் இறங்கிப் போகும் 81ஆம் நெடுஞ்சாலை அந்தப் பனிக்குள்ளால்தான் போகிறது. ஸ்காபரோவிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே அவரிடம் இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வீதியை மூடினால் முற்பணம் என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், கைப்பேசிக் குறுஞ்செய்தியும் போதும். நியூ யோர்க்கில் மீன்பிடி வழிகாட்டிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். அதையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

என்னைக் கேட்டால், தேதியை மாற்றித் தருகிறேன் என்கிறாரே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீல்ஹெட் என்பது ஏரிக்குப் போய் வளர்ந்து திரும்பும் வானவில் ட்ரவுட். சமன் மீன் முட்டையிடும் இலையுதிர் காலத்தில் அந்த முட்டைகளைத் தின்ன ஆற்றுக்குள் ஏறி, குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து, வசந்தத்தில் தானும் முட்டையிட்டுவிட்டுத்தான் ஏரிக்கு இறங்கும். ஏப்ரல் முதல் வாரத்துக்கு மாற்றினாலும் மீன் இருக்கும். மாறாக, தண்ணீர் 4 பாகைக்குக் கீழே ஒரேயடியாக இறங்கிய முதல் ஓரிரு நாளில் அது ஆழக் கிடங்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரையை வாய்க்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினாலும் யோசித்துத்தான் திறக்கும். அதே குளிர் ஒரு வாரம் நீடித்தால் மீன் பழகிவிடும். திடீர் இறக்கம்தான் கெடுக்கிறது.

போவது என்றே முடிவெடுத்தால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பதில் ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கலாமா என்று கேளுங்கள். மதியத்தில் தண்ணீர் ஒரு பாகை ஏறினாலும் மீன் அசையும். இன்னொன்று, ஒன்ராறியோ மீன்பிடி உரிமம் எல்லைக்கு அப்பால் செல்லாது. நியூ யோர்க் உரிமத்தை நீங்களே இணையத்தில் வாங்க வேண்டும். வழிகாட்டியின் கட்டணத்தில் அது வழக்கமாக அடங்காது.

கேள்வி: வேடர்ஸ் (ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் நீர் புகாத கால்சட்டை) வழிகாட்டியே தருவாராம், சப்பாத்து நாங்கள் கொண்டுபோக வேண்டுமாம். கடையில் கம்பளி அடி, ஆணி பதித்த ரப்பர் அடி என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அந்த வாரம் பனி என்றால் கம்பளி அடி வேண்டாம். ஈரமான கம்பளியோடு பனியில் நாலு எட்டு வைத்துப் பாருங்கள், அடியில் பனி திரண்டு திரண்டு குதிகால் சப்பாத்துப் போட்டவர் மாதிரி நிற்பீர்கள். வழுக்கும் பாசிக்கல்லுக்கு ஆணி நல்லது. ஆனால் ஆணி படகின் தளத்தைக் கிழிக்கும் என்று பல வழிகாட்டிகள் ஏற்றவே மாட்டார்கள். வாங்குமுன் அவரைக் கேளுங்கள். எதுவானாலும் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். தடித்த காலுறை இரண்டைத் திணித்து இறுக்கினால் இரத்தம் ஓடாமல் விரல் இன்னும் விறைக்கும். நான் அப்படி ஒரு நாளைக் கழித்தவன்.

அன்று கால் போதாதென்று தூண்டில் தடியின் நுனி வளையத்திலும் பனிக்கட்டி. ஒவ்வொரு வீச்சுக்கும் தங்கூசியில் ஒட்டி வந்த தண்ணீர் வளையத்திலேயே உறைந்து, கடைசியில் தங்கூசி ஓடவே இல்லை. நகத்தால் உடைக்கப் போய் நுனியையே முறித்திருப்பேன். படகுக்காரர் தடியை வாங்கி நுனியை ஆற்றுக்குள் அமிழ்த்திப் பத்து எண்ணினார். கட்டி கழன்று போனது. அந்தக் குளிரில் ஆற்றுத் தண்ணீர்தான் சூடு! பிறகு சட்டைப் பையிலிருந்து உதட்டுக்குப் பூசும் மெழுகை எடுத்து வளையத்தில் தடவித் தந்தார். அந்த மெழுகு இரண்டு டொலர். விலை கூடிய கையுறை வாங்கும்போது அதையும் கூடையில் போடுங்கள்.

கேள்வி: போன வருடம் முழு நாளுக்குக் காசு கட்டினோம். ஆற்றில் கூழ்ப்பனி ஓடுகிறது என்று மதியம் ஒரு மணிக்கே வழிகாட்டி கரை ஏற்றிவிட்டார். மீனும் இல்லை. முழுக் காசும் சன்மானமும் கொடுத்தது சரியா?

பதில்: நிறுத்தியது அவர் என்றால், மீதி நேரத்துக்கு ஒரு பங்கைக் கழிக்கும்படி அங்கேயே கேட்டிருக்கலாம். "குளிருது, போதும்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் கேட்க வழியில்லை. ஒரு வருடம் கழித்துக் கேட்பதும் வீண். சன்மானம் 15 முதல் 20 வீதம் என்பது அங்கே வழக்கம், அது அவர் துடுப்புப் போட்டதற்கு. மீன் கடிக்காததற்கு அவரைப் பிடிக்க முடியாது. கூழ்ப்பனியில் உங்களை ஆற்றில் வைத்திருக்காமல் கரை ஏற்றினாரே, நானாக இருந்தால் சன்மானத்தைக் குறைத்திருக்க மாட்டேன்.