சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை இரண்டு வருஷமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம்.

சொந்த ஊர் அருப்புக்கோட்டை. பெங்களூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஆபீஸ் போயாக வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ரிங் ரோடு வழியாகப் போய்வருகிறேன். ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரத்தில் வீடு வந்துவிடும். மழை பெய்தால் இரண்டரை மணி நேரம். மனைவிக்கும் ஐடி வேலைதான், அவளுக்கு ஆபீஸ் பக்கம். மகனுக்கு நான்கு வயது. சில மாதங்களாக அவன் தினமும் சாயங்காலம், "இன்னிக்கு அப்பா சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று அம்மாவிடம் கேட்கிறானாம். மனைவி இதைக் குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இரண்டு கேள்விகள். தினமும் பஸ்ஸில் போகும் மூன்று நான்கு மணி நேரத்தை எப்படி உருப்படியாகப் பயன்படுத்துவது? மெஷின் லேர்னிங் கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டினேன், பாதியில் நிற்கிறது. இன்னொன்று, பேசாமல் மதுரைக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. சம்பளம் குறையும். நீங்களும் இதே துறையில், இதே ஊரில், சின்னக் குழந்தையோடு இருப்பவர். என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ராமமூர்த்தி நகர் வாசகர்

* * *

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். மகன் கேட்கும் கேள்வி வந்ததும் அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவரும் எலக்ட்ரானிக் சிட்டிக்குத்தான் போய்வருகிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளை விட உங்கள் மகன் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவன் "அப்பா ஏன் லேட்டு?" என்று கேட்கவில்லை. முன்னாடியா பின்னாடியா என்று கேட்கிறான். பின்னாடிதான் என்றாலும் அவன் ஏற்றுக்கொள்வான் என்று நினைக்கிறேன். எது என்று தெரியாமல் இருப்பதுதான் அவனைத் தினமும் கேட்க வைக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் நீங்கள் வந்துவிடும் நாளிலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

எனக்கு இது புரிந்தது மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது. 2022 கடைசி. வீடு அல்சூர், வேலை ஒயிட்ஃபீல்டில். அவளை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டே கேரில் விட்டிருந்தோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்று மகப்பேறு சட்டத்தில் 2017இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் ஆபீஸ் பக்கத்தில் விட்டால் குழந்தையும் என்னோடு தினமும் கே.ஆர்.புரம் பக்கத்து டின் ஃபேக்டரி நெரிசலில் உட்கார வேண்டும். அதனால் வீட்டுப் பக்கமே போதும் என்று முடிவு செய்தோம்.

டே கேர் ஆறரைக்கு மூடுவார்கள். நான் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன். கே.ஆர்.புரம் தொங்குபாலத்தைத் தாண்டி பையப்பனஹள்ளிவரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. ஒரு சின்ன நோட்டில் தினமும் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறித்துவந்தேன். 30 வேலை நாளில் 24 நாள் ஆறரைக்குள் போயிருக்கிறேன். 6 நாள் முடியவில்லை. அதில் ஒரு நாள் ஏழே முக்கால். கூட்டி வகுத்துப் பார்த்தால் சராசரி ஆறே கால். பரவாயில்லை, நன்றாகத்தான் சமாளிக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் வேலையே பெர்ஃபாமன்ஸ் டெஸ்டிங். ஒரு சாஃப்ட்வேர் எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்று அளப்பது. இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள், சராசரியை நம்பாதே என்று. 95வது பெர்சென்டைலைப் பார், அதாவது நூறு தடவை கேட்டால் 95 தடவை எத்தனை வினாடிக்குள் பதில் வருகிறது என்று பார். அதையும் தாண்டி மிச்சம் ஐந்து தடவை என்ன ஆகிறது என்று பார். பயன்படுத்துகிறவர் அந்த ஐந்தைத்தான் நினைவில் வைத்திருப்பார். பதினோரு வருஷமாக இதை மீட்டிங்கில் மற்றவர்களுக்குச் சொல்லிவருகிறேன். என் வீட்டுக்கு அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் டே கேர் அம்மா. ஒரு நாள் ஆறு பத்துக்கே போய்விட்டேன். மகள் செருப்பு மாட்டி, பை தோளில் போட்டு, வாசல்படியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தார்கள். "நான் வருவேன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "தெரியாதும்மா. தினமும் அஞ்சே முக்காலுக்கே செருப்பு போட்டு உக்காந்துடறா. கழட்டுன்னா கழட்ட மாட்டேங்கிறா" என்றார். நான் தவறவிட்டது ஆறு நாள்தான் என்று கணக்கு வைத்திருந்தேன். அவள் மிச்ச 24 நாளும் அதே படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

2023 மார்ச் 25ஆம் தேதி ஒயிட்ஃபீல்டிலிருந்து கே.ஆர்.புரம்வரை மெட்ரோ வந்தது. ஆனால் கே.ஆர்.புரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் விட்டுப்போயிருந்தது. இறங்கி, பஸ் பிடித்து, மறுபடி ஏற வேண்டும். என் நோட்டில் அந்த மாதங்களைப் பார்த்தால் தாமதம் எல்லாமே அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் நடந்திருக்கிறது. அக்டோபர் 9 அன்று அதுவும் திறந்தது. பட்டந்தூர் அக்ரஹாரத்தில் ஏறினால் அல்சூரில் இறங்கலாம். ஆபீஸிலிருந்து நடை, மெட்ரோ, மறுபடி நடை எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து நிமிஷம். இன்றும் ஐம்பத்தைந்து, நாளையும் ஐம்பத்தைந்து. மகள் எந்த நாளிலிருந்து செருப்பு போட்டுக் காத்திருப்பதை விட்டாள் என்று நான் குறித்துவைக்கவில்லை. டிசம்பர் வாக்கில் ஒரு நாள் போனபோது உள்ளே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "இரும்மா, முடிச்சிட்டு வரேன்" என்றாள். அன்று நான் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

இப்போது என் கணவர் கதை. அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு பைக்கில் போய்வந்துகொண்டிருந்தார். நல்ல நாளில் ஐம்பது நிமிஷம், கெட்ட நாளில் ஒன்றே முக்கால் மணி. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தார்கள், ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை, 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். தொடக்கத்தில் மூன்றே ரயில்கள்தான், 25 நிமிஷத்துக்கு ஒன்று. இதற்காக பைக்கை விடுவதா என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்களாம். இவர் விட்டுவிட்டார். 25 நிமிஷத்துக்கு ஒன்று என்றாலும் அது எப்போது கிளம்பும் என்று தெரியுமே என்றார். மஞ்சள், பச்சை, ஊதா என்று மூன்று தடம் மாறி வீட்டுக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் வருகிறார். நல்ல நாள் பைக்கை விட இது அதிகம்தான். ஆனால் காலையில் கிளம்பும்போது மகளிடம் ஒரு நேரம் சொல்கிறார், அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறார்.

நீங்களும் ஒரு மாதம் இந்த மெட்ரோ சுற்றுவழியில் வந்து பாருங்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது. மேப்பில் பார்த்தால் பொருத்தமில்லாமல்தான் இருக்கும். நகரத்தின் கிழக்கோரம் போக வேண்டியவர் நகரத்தின் நடுவில் இருக்கும் மெஜஸ்டிக்வரை போய்த் திரும்பி வர வேண்டும். சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரத்துக்கு ரிங் ரோட்டிலேயே நீலத் தடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது வந்தால் உங்களுக்கு நேர்வழி. அதுவரை எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறி, பென்னிகானஹள்ளியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வர ஒன்றே முக்கால் மணி ஆகும். செலவும் கூடும். 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக்கிவிட்டார்கள், அந்த உயர்வு எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதே ஒன்றே முக்கால் மணி. உங்கள் பஸ்ஸின் ஒன்றேகாலுக்கு ஆசைப்பட்டுத்தான் இரண்டரையையும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம், "சீக்கிரம் வந்துடறேன்" என்று மகனிடம் சொல்லாதீர்கள். நான்கு வயதுக்குச் சீக்கிரம் என்றால் என்னவென்று தெரியாது. அவனுக்குத் தெரிந்த கணக்கு சாப்பாடு. நான்கு நாளும் முன்னாடி வர முடியாவிட்டால் வேண்டாம். இரண்டு நாள் முன்னாடி, இரண்டு நாள் பின்னாடி என்று காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பின்னாடி என்று சொன்ன நாளில் தற்செயலாகச் சீக்கிரம் போனால் நல்லது. முன்னாடி என்று சொன்ன நாளில் தவறவே கூடாது.

இதற்கு ஆபீஸில் பேசித்தான் ஆக வேண்டும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே வேலை தொடங்கும் நேரம்தான் இங்கே குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கப்போகும் நேரம். அமெரிக்காவோடு நடக்கும் அந்த ஆன்லைன் மீட்டிங்குகளில் பாதிக்கு நாம் வாயே திறப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அதிலிருந்து விடுவிக்கச் சொல்லி நான் கேட்டேன். கேட்கும்போது கை நடுங்கியது உண்மை. என் மேனேஜர் இரண்டு நிமிஷத்தில் சரி என்றுவிட்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது என்று தெரியும், ஆனாலும் கேளுங்கள்.

இந்த ஒரு மணி நேரத்துக்காக ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதில்தான் நம் பிள்ளைகளின் தமிழும் இருக்கிறது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருக்க வேண்டும். அது சரிதான். வாழ்கிற ஊரின் மொழியை நம் பிள்ளைகள் படிக்கட்டும், என் மகள் காய்கறிக்காரரிடம் என்னை விட அழகாகக் கன்னடம் பேசுகிறாள். ஆனால் அவளுக்குத் தமிழ் கிடைப்பது சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டரை மணிவரைதான். நாங்கள் பெரும்பாலும் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போவோம். அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அந்தத் தாத்தாவை எதற்குத் துணி போட்டு மூடினார்கள் என்று மகள் கேட்டாள். இரண்டு மாநிலம், இரண்டு மொழி, மனஸ்தாபம், பிறகு சமாதானம், சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை என்று எனக்குத் தெரிந்த அளவில் தமிழில் சொன்னேன். "சமாதானம்னா காய் விட்டுட்டுப் பழம் விடறதா?" என்றாள். இந்தப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்துவைத்தால் வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

பயண நேரத்தை உருப்படியாக்குவது பற்றிக் கேட்டீர்கள். காலையில் கோர்ஸ் கேளுங்கள், மூளை தெளிவாக இருக்கும். சாயங்காலம் வேண்டாம். கடைசிக் கால் மணி நேரம் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். போன் பேச்சு முடியவில்லை என்றால் கீழேயே நின்று முடித்துவிட்டு மேலே போங்கள். காதில் பேச்சோடு நுழையும் அப்பாவைக் குழந்தை வந்துவிட்டதாகவே கணக்கு வைக்காது.

மதுரை பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த ஊரும் அங்கே இருக்கும் மனிதர்களும் வேண்டும் என்று போனால் சம்பளக் குறைவு பெரிதாகத் தெரியாது. ரிங் ரோட்டிலிருந்து தப்பிக்க மட்டும் போனால் இரண்டே வருஷத்தில் வருத்தப்படுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. முதலில் இந்த மாதக் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்த நேரத்தை மட்டும் தினமும் குறித்து எனக்கு அனுப்புங்கள், சராசரி போட வேண்டாம்.

முதல் வாரம் களைப்பாக இருக்கும். மெஜஸ்டிக்கில் பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறும்போது சாயங்காலம் கூட்டம் நெரியும். என் கணவர் நிரம்பி வரும் ரயில்களை விட்டுவிட்டு நிற்க இடமிருக்கும் ரயிலில்தான் ஏறுவார். அதற்குப் பத்து நிமிஷம் போகும். அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துத்தான் காலையில் மகளிடம் நேரம் சொல்லிவிட்டுப் போகிறார்.

அன்புடன்,
அக்கா