கருப்பு கூடினால் சூடு குறையுமா? கார் ஃபிலிம் – வாசகர் கேள்வி பதில்

வள்ளியூர் வாசகர்: சித்திரை வெயிலில் மத்தியானம் காரை எடுத்தால் ஏ.சி. குளிரவே ரொம்ப நேரமாகிறது. கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் கேட்டால், கடையில் சாதா, மெட்டல், கார்பன், செராமிக் என்று நாலு வகை காட்டுகிறார்கள். விலையில்தான் ஏகப்பட்ட வித்தியாசம். நல்ல கருப்பாகப் பார்த்து சாதாவையே ஒட்டிவிட்டால் போதாதா?

போதாது. வெயிலோடு வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய சாதா ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, அந்தக் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். கண் கூசாது, முதுகு சுடும். நம் ஊர் வெயிலில் சில வருஷத்திலேயே வெளுத்து ஊதா நிறமாகவும் மாறிவிடும்.

மெட்டல் ஃபிலிம் சூட்டைத் திருப்பி அனுப்பும், நாள்பட உழைக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும், செல்போன் சிக்னலையும் தடுக்கும். கார்பன் வெளுக்காது, சிக்னலுக்கும் தொல்லையில்லை, சூட்டைத் தடுப்பதில் நடுத்தரம். நல்ல செராமிக் கிட்டத்தட்ட நிறமே தெரியாமல் இருந்தும் அகச்சிவப்பை நன்றாகத் தடுக்கும். அது கதிரை உறிஞ்சித் தடுப்பதால் கண்ணாடியைத் தொட்டால் சுடும். ஃபிலிம் வேலை செய்யவில்லையோ என்று பயப்பட வேண்டாம்.

கடையில் சூட்டு விளக்கை எரியவிட்டு, ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். அந்த விளக்கில் வருவது பெரும்பாலும் அகச்சிவப்புதான், அதனால் செராமிக் அதில் அசத்தத்தான் செய்யும். ‘ஐ.ஆர். (அகச்சிவப்பு) 95 சதவீதம்’ என்ற விளம்பரமும் சில சமயம் ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும் அளந்த கணக்கு. மொத்த வெயில் சக்தியில் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் டி.எஸ்.இ.ஆர். எண்ணைக் கேளுங்கள். வெளிச்சம் விடும் அளவு ஒன்றாக இருக்கும் இரண்டு ஃபிலிம்களை மட்டும் அதில் ஒப்பிடுங்கள். ‘புற ஊதா 99 சதவீதம்’ என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், தரமான எந்த ஃபிலிமிலும் அது உண்டு.

தென்காசி வாசகர்: வாரம் ஒருமுறை செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறேன். கேரளாவில் ஃபிலிம் ஒட்டலாம் என்கிறார்களே, இங்கே?

2012-ல் உச்ச நீதிமன்றம் எந்த அளவு ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்றது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம், மத்திய மோட்டார் வாகன விதி 100-ன் அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்றது: முன், பின் கண்ணாடி குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் ஆரியங்காவில் சரியாக இருக்கும் கார், இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் புளியரையில் தப்பாகிவிடலாம். இந்தப் பக்கம் 2012 உத்தரவைக் காட்டி அபராதம் போட்டால், ரோட்டில் நின்று வாதாடி ஜெயிக்க முடியாது.

பலர் கோட்டைவிடுவது கணக்கில். கம்பெனிக் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. பக்கக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் 50 ஃபிலிம் (50 சதவீதம் வெளிச்சம் விடுவது) ஒட்டினால் மிஞ்சுவது 37.5, அது விதிமீறல். 70 ஃபிலிம் ஒட்டினால் 52.5, மயிரிழையில் தப்பும். முன்கண்ணாடி 80 என்றால் 90 ஃபிலிமுக்கு 72 வரும், 85 ஃபிலிமுக்கு 68-தான். ஆகவே வெறும் கண்ணாடியை முதலில் மீட்டரில் அளக்கச் சொல்லி, பிறகு ஃபிலிமைத் தேர்ந்தெடுங்கள். வம்பே வேண்டாம் என்றால் ஒட்டாதீர்கள். வண்டியை நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி நிற மடிப்புத் திரை போட்டு வைத்தாலே டேஷ்போர்டு கொதிப்பது பெருமளவு குறையும்.

நாங்குநேரி வாசகர்: ஃபிலிம் ஒட்டியதிலிருந்து டோலில் ஃபாஸ்டேக் படிக்க மாட்டேன் என்கிறது.

மெட்டல் ஃபிலிமாக இருக்கும். ஃபாஸ்டேக் ரேடியோ அலையில் வேலை செய்வது. உலோகப் படலம் அதை மறிக்கிறது. முன்கண்ணாடியில் மட்டும் உரித்துவிட்டு கார்பனோ செராமிக்கோ போடுங்கள். டேக்கைப் பிய்த்து மறுபடி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், உரித்தால் பாழாகிவிடும், பேங்கில் புதிது வாங்க வேண்டிவரும். கண்ணாடியில் ஏற்கெனவே டேக் இருந்தால் ஃபிலிமை அதைச் சுற்றி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

திசையன்விளை வாசகர்: ஒட்டி ஒரு வாரம் ஆகிறது. உள்ளே குமிழும் வெள்ளைப் புள்ளியுமாக இருக்கிறது. கடைக்காரர் காய்ந்தால் போய்விடும் என்கிறார்.

பாதி உண்மை. விரலால் அழுத்தினால் நகரும் குமிழ் தண்ணீர். இரண்டு முதல் நாலு வாரத்தில் தானாக வற்றும், ஊசியால் குத்தாதீர்கள். அழுத்தினால் அசையாமல் முண்டாக இருப்பது தூசி. அது போகவே போகாது, அந்தக் கண்ணாடிக்கு மட்டும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் தேரி மணலும் ஆனி, ஆடிக் காற்றும் சேர்ந்தால் திறந்த ஷெட்டில் ஒட்டவே கூடாது. கதவடைத்து, தரையில் தண்ணீர் தெளித்த அறை வேண்டும்.

வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் போர் தண்ணீர் உப்பு. ஒட்டும் கரைசலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், அதில் பேபி ஷாம்பு சில சொட்டு போதும். ஷாம்பு கூடினால் பசை பிடிக்காது. ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி ஏறி இறங்கும்போது ரப்பரில் உரசி ஃபிலிம் சுருண்டு வரும். முதல் ஐந்து நாள் கண்ணாடியை இறக்காதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம்.

பின்கண்ணாடியில் மாற்றுவதாக இருந்தால் பிளேடால் சுரண்ட விடாதீர்கள். பனி நீக்கும் கம்பிக் கோடுகள் அறுந்துவிடும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கருப்புப் பிளாஸ்டிக் பையை அதன்மேல் ஒட்டி, ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் பசை இளகும். பிறகு மூலையிலிருந்து மெதுவாக இழுக்கலாம்.